1916 மே 9: ஒரு மாணவர் வாசித்த கட்டுரை

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்தது 1914 மே 5. அந்த நாளில் ஆண்டுதோறும் கூடுகிறோம். அதே மே மாதத்தில் இன்னொரு நாளும் இருக்கிறது. 1916 மே 9 அன்று, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். தலைப்பு, இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி. வாசித்தவர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். இந்த நாளை நாம் பெரிதாக நினைப்பதில்லை. மகத் குளமும் நாக்பூர் தீட்சையும் நினைவில் இருக்கும் அளவுக்கு, ஒரு மாணவர் எழுந்து கட்டுரை வாசித்த அந்தப் பொழுது நினைவில் இல்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்குக் காரணம் ஒரு மாணவி.

1. அவள் கேட்ட கேள்வி

இந்த ஆண்டு பிப்ரவரியில் அவள் என்னைப் பார்க்க வந்தாள். பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்காகத் தன் ஆயா பாடும் ஒப்பாரிகளைச் செல்போனில் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டு எழுதி, நாற்பது பக்கத்துக்கு ஆய்வேடாக ஆக்கியிருந்தாள். அதைச் சுருக்கி, மார்ச் மாதம் வேறொரு கல்லூரியில் நடக்கவிருந்த தேசியக் கருத்தரங்கில் வாசிக்கும்படி அவளுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். பதிவுக் கட்டணத்தையும் அவரே கட்டிவிட்டார். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் பயம். "அக்கா, இது ஆய்வா, இல்ல உங்க வீட்டுக் கதையான்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2001இல் நானும் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. பாமாவின் 'கருக்கு' பற்றி ஐந்து பக்கம் எழுதி ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். பத்து நிமிடம் என்றார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் ஐந்து நிமிடமாக்கினார்கள். முடித்தவுடன் அமர்வுத் தலைவர் கேட்டது கட்டுரையைப் பற்றி அல்ல. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரிலா, காலனியிலா என்றார். காலனி என்றேன். "அதான் பார்த்தேன். இது அனுபவம்மா, ஆய்வு இல்லை" என்றார். சிலர் சிரித்தார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். அதன்பின் ஏழு ஆண்டுகள் இலக்கியம் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. முதுகலைக்குச் சமூகவியலுக்கு மாறினேன். பிடித்துத்தான் மாறினேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஓடிப்போனேன் என்பதே உண்மை. ஓடிப்போன இடத்தில்தான் 1916ஆம் ஆண்டுக் கட்டுரையை முதன்முதலாகப் படித்தேன்.

2. பண்டிதர் நின்ற அவை

கற்றவர்கள் கூடிய அவையில் எழுந்து பேசியதற்காக நம்மவர்கள் பட்ட அவமானம் புதிதல்ல. 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் போனார். அங்கே நடந்ததை அவரே பின்னாளில் 'தமிழன்' இதழில் எழுதியிருக்கிறார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். உங்களுக்கென்று மதுரைவீரனையும் காட்டேரியையும் கொடுத்திருக்கிறோமே என்று எதிர்த்தரப்பிலிருந்து பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் உழைப்பவர்களுக்குத் தரிசு நிலமும் கேட்டார்.

அந்த அவை அவரை ஏற்கவில்லை என்று அவர் பேசுவதை நிறுத்தவில்லை. தனக்கென்று ஓர் அவையைக் கட்டினார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ். அதுவே மறு ஆண்டிலிருந்து 'தமிழன்'. அதிக விலை கொடுத்து இதழ் வாங்க முடியாதவர்களுக்காக ஒரு பைசாவுக்கு இலக்கிய ஆய்வை அச்சிட்டார். குறளையும் ஆத்திசூடியையும் அவ்வைக்குறளையும் பௌத்த நோக்கில் படித்தார். குறளைத் 'திரிக்குறள்' என்று கொண்டு உரை எழுதத் தொடங்கி, முடிக்கும் முன்பே மறைந்தார். அவருடைய சொல்லாராய்ச்சியில் நான் ஏற்காத இடங்கள் பல உண்டு. ஆனால் ஒரு கேள்வி, அதற்குச் சான்று, முன்னோர் சொன்னதோடு வாதம், தன் முடிவு என்ற நான்கும் அவரிடம் இருந்தன. ஆய்வு என்பதற்கு வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

அவர் பதிவு செய்த இன்னொரு செய்தியும் உண்டு. ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த குறள் ஓலைச்சுவடியை அந்தத் துரை வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்த்தார் என்பது அது. குறள் முதன்முதலில் அச்சேறியது 1812இல். சுவடியைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் பேரன் அதற்கு உரை எழுதியபோது, பண்டித உலகம் அதை உரையாகவே எண்ணவில்லை. கோலார் தங்கவயலின் பௌத்தர்கள்தாம் அவர் நூல்களை மறுபதிப்புச் செய்து காத்தார்கள். 'தமிழன்' எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது 1999இல். பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை தமிழ்த்துறை மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

3. கொலம்பியாவின் கருத்தரங்கு அறை

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தது 1912இல். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் 1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1915இல் எம்.ஏ. பெற்றார். அவருடைய பாடம் பொருளாதாரம். கட்டுரை வாசித்ததோ மானிடவியல் கருத்தரங்கில். அதை நடத்தியவர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர். மானிடவியலின் பெரும் பெயரான பிரான்ஸ் போவாஸின் மாணவர்.

அமெரிக்காவைச் சொர்க்கமாக்கி நான் பேசவில்லை. கறுப்பின மக்களை நிறத்தால் பிரித்து வைத்திருந்த நாடு அது. ஆனால் அந்த அறையில், எழுந்து நின்ற மாணவரிடம் ஊரா, காலனியா என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. அவர் சொன்னதைக் கேட்டிருப்பார்கள்.

அவர் என்ன செய்தார் என்பதை இங்கே வந்திருக்கும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலில், தனக்கு முன் சாதியைப் பற்றி எழுதிய நான்கு பேரை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு அறிஞர் செனார், ஆங்கில அதிகாரிகளான நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, இந்தியரான கேட்கர். நால்வரும் அவரைவிட மூத்தவர்கள், பெயர் பெற்றவர்கள். ஒவ்வொருவரின் வரையறையையும் வைத்து, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பார்த்தார். தீட்டு என்பதைச் சாதியின் சாரமாகச் செனார் கொண்டதை மறுத்தார். பிறருடன் சேர்ந்து உண்ணாததை நெஸ்ஃபீல்டு முதன்மைப்படுத்தியபோது, விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்றார். கேட்கரைப் பாராட்டினார். ஆனால் பிறப்பால் மட்டுமே உறுப்பினராவது, வெளியே மணம் செய்யத் தடை என்று அவர் சொன்ன இரண்டு இயல்புகளும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று காட்டினார். யாரையும் திட்டவில்லை, யாருக்கும் பணியவும் இல்லை.

அடுத்துத் தன் கருத்தை வைத்தார். சாதியின் சாரம் அகமணம். தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற கட்டு இருந்தால், கூட்டத்துக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவன் முதலில் இறந்தால் ஒரு பெண் மிஞ்சுகிறாள். மனைவி முதலில் இறந்தால் ஓர் ஆண் மிஞ்சுகிறான். மிஞ்சிய பெண் வெளியே மணந்தால் கட்டு உடையும். உள்ளேயே மணந்தால் மணமாகாத இன்னொரு பெண்ணின் வாய்ப்பை எடுத்துக்கொள்வாள். ஆகவே அவளை எரித்துவிடுவது, இல்லையென்றால் காலமெல்லாம் கைம்பெண்ணாக வைப்பது. மிஞ்சிய ஆணை எரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவன் ஆண். அவனைத் துறவியாக்கலாம், அல்லது இன்னும் மணப் பருவம் எய்தாத சிறுமியை அவனுக்குக் கட்டிவைக்கலாம். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் தனித்தனி மூடப் பழக்கங்கள் அல்ல, சாதியைக் காக்கும் கருவிகள் என்று முடித்தார். சாதியைப் பற்றிய ஒரு கட்டுரை பெண்ணின் உடலைப் பற்றிய கட்டுரையாக மாறியது இப்படித்தான்.

மூன்றாவது, இது எப்படிப் பரவியது? மனு என்ற ஒருவர் உட்கார்ந்து எழுதி நாடு முழுவதும் திணித்துவிட முடியாது என்றார். முதலில் ஒரு வகுப்பு, பார்ப்பனர், தன் கதவை அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் போலச்செய்தார்கள். போலச்செய்தல் பற்றிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் தார்தின் கருத்தை இதற்குத் துணைக்கு எடுத்துக்கொண்டார். பார்ப்பனருக்கு மிக அருகில் இருந்த சாதிகள் மூன்று பழக்கங்களையும் எடுத்துக்கொண்டன. கொஞ்சம் தள்ளி இருந்தவை இரண்டை, இன்னும் தள்ளி இருந்தவை ஒன்றை. வெகுதொலைவில் இருந்தவை சாதி என்ற நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டன.

கடைசியில் அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த இடம். தன் கருத்து நிற்காது என்று யாராவது காட்டினால் அதைக் கைவிடத் தயார் என்றார்.

கட்டுரையில் இல்லாததையும் சொல்ல வேண்டும். தன் வாழ்க்கையில் நடந்த எதையும் அவர் அதில் சான்றாக வைக்கவில்லை. சிறுவனாகக் கோரேகான் பயணத்தில் தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் தவித்தவர், அதைப் பற்றி அந்த அறையில் பேசவில்லை. தீண்டாமையின் தோற்றம் பற்றியும் அதில் ஆராயவில்லை. அதற்கான நூல் 1948இல்தான் வந்தது. முதல் கட்டுரையிலேயே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை.

4. கட்டுரை அச்சேறிய ஆண்டு

அந்தக் கட்டுரை 1917 மே மாத 'இந்தியன் ஆன்டிக்குவரி' ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பினார். உலகறிந்த ஆய்விதழில் கட்டுரை வந்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேறச் சொன்னது. இதை அவர் பின்னாளில் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதினார். அகமணத்தைப் பற்றிய கோட்பாடும் அவருடையது, விடுதியிலிருந்து விரட்டப்பட்ட அனுபவமும் அவருடையது. இரண்டையும் அவரே எழுதினார். அனுபவம் வேறு, ஆய்வு வேறு என்று 2001இல் என்னிடம் சொன்னவருக்கு அன்று இது தெரிந்திருந்தால் பதிலாகச் சொல்லியிருப்பேன்.

1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக அவர் தலைமையுரை எழுதினார். உரையின் கருத்துகளை ஏற்க முடியாமல் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் அந்த உரையைத் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அவை மறுத்தபோது அச்சை நாடியது பண்டிதர் வழி. அண்ணலும் அதையே செய்தார். அந்த நூலின் மூன்றாம் பதிப்பு முன்னுரையில், 1917இல் வெளிவந்த தன் கட்டுரையையும் இதனுடன் சேர்த்துத் திருத்தி எழுத எண்ணியிருந்ததாகவும், அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் குறிப்பிடுகிறார். மாணவப் பருவத்தில் வாசித்த கட்டுரையை 28 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் கைவிடவில்லை.

5. கோட்பாடு யாருக்கு, தரவு யாருக்கு

2002இல் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்பவர்கள் ஒரு பக்கம், தரவு தருபவர்கள் இன்னொரு பக்கம் என்று ஒரு வருணப் பிரிவினை இருக்கிறது என்பது அதன் வாதம். தமிழ்த்துறைகளிலும் இதைப் பார்க்கலாம். நம் தெருவின் பாட்டும் கூத்தும் பறையும் ஆய்வுப் பொருளாகலாம். நம் ஆயா தகவலாளியாகலாம். ஆனால் ஆயாவின் பேத்தி அதை ஆய்வு செய்தால் அது வீட்டுக் கதையாகிவிடுகிறது. கம்பன் பிறந்த ஊர்க்காரர் கம்பனை ஆய்வு செய்தால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை இழந்தோம். கொலம்பியா கட்டுரைக்கு அது நூறாவது ஆண்டு. ஆய்வு மாணவராக இருப்பதே நம் பிள்ளைகளுக்கு இன்னும் உயிர்ப் பிரச்சினையாக இருக்கும்போது, பி.ஏ. மாணவி பத்து நிமிடம் கட்டுரை வாசிப்பதைச் சிறிய செய்தி என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நமக்குள் பேசியாக வேண்டும். நம் மேடைகளில் நாமும் மாணவர்களிடம் அனுபவத்தை மட்டுமே கேட்கிறோம். வலியைச் சொல், கைதட்டுகிறோம் என்கிறோம். சான்று எங்கே, இதற்கு முன் யார் எழுதினார்கள் என்று கேட்பதில்லை. அவர்களைக் குறைவாக மதிப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

6. ஆயாவின் ஒப்பாரி

அந்த மாணவியின் ஆய்வேட்டைப் படித்தேன். ஒப்பாரிகளின் உவமைகளைப் பட்டியலிட்டிருந்தாள். உணர்ச்சி, அழகு என்று இரண்டு இயல்கள். கேள்வி என்று எதுவும் இல்லை. ஓர் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. ஆயா தன் முதல் கணவருக்காகப் பாடிய ஒப்பாரியில், இனிப் பூவில்லை, மஞ்சளில்லை, நல்ல காரியத்துக்கு முன்னே நிற்க முடியாது, சாகும்வரை இப்படித்தான் என்று வருகிறது. ஆனால் ஆயா மூன்றாம் ஆண்டே அறுத்துக்கட்டினார். இவளுடைய அப்பா இரண்டாவது கணவருக்குப் பிறந்தவர். தெருவில் யாரும் அதைக் குறையாகப் பேசவில்லை.

இதை ஏன் உள்ளே எழுதவில்லை என்று கேட்டேன். "வெக்கமா இருந்துச்சுக்கா. இப்ப எங்க தெருவுல யாரும் அறுத்துக் கட்டறதில்ல. ரயில்வே, பஸ்ஸுன்னு வேலைக்குப் போன வீட்டுல, நாம என்ன அப்படிப்பட்ட சாதியான்னு கேக்கறாங்க" என்றாள்.

1916ஆம் ஆண்டுக் கட்டுரையின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். வரும்போதே கேள்வியோடு வந்தாள். பாட்டு ஒன்று சொல்கிறது, வாழ்க்கை வேறாக இருந்திருக்கிறது. காலமெல்லாம் கைம்மை என்ற மேல்சாதி வழக்கம் எங்கள் தெருவில் முதலில் பாட்டுக்குள் வந்து, இரண்டு தலைமுறை கழித்து வாழ்க்கைக்குள் வருகிறதா? இதுதான் அவள் கேள்வி. உவமைப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து பக்கம் புதிதாக எழுதினாள். ஆயாவிடம் போய், உன் கதையை எழுதட்டுமா, பேர் போடமாட்டேன் என்று அனுமதியும் வாங்கினாள்.

என் வீட்டுக் கூடத்தில் மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். முதல் முறை இருபது நிமிடம் ஆனது. மூன்றாவது முறை ஒன்பது.

மார்ச் மாதக் கருத்தரங்குக்கு அவளுடைய ஆசிரியையும் நானும் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவள் வாசித்தாள். குரல் முதல் பக்கம் முழுக்க நடுங்கியது. முடித்ததும் அமர்வுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அரசு வேலையில் இருந்த கணவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். மறுமணம் செய்துகொண்டால் பொதுவாக அது நின்றுவிடும். உங்கள் தெருவில் மறுமணம் குறைந்ததற்கு அது காரணமாக இருக்காதா? போலச்செய்தல்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை நான் யோசிக்கலைங்க ஐயா. போய்க் கேட்டுட்டு வரேன். அதுதான் காரணம்னா என் கருத்தை மாத்திக்குவேன்" என்றாள். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

25 ஆண்டுகளாக நான் எதிர்பார்த்திருந்தது பாராட்டை அல்ல, இப்படி ஒரு கேள்வியைத்தான் என்று அப்போது புரிந்தது. கேட்டவர் அவளுடைய ஊரைக் கேட்கவில்லை, அவளுடைய சான்றைக் கேட்டார்.

7. நாம் செய்ய வேண்டியது

எல்லா அமர்விலும் அப்படி ஒருவர் தலைமை தாங்குவார் என்று நான் நம்பவில்லை. ஆகவே மூன்று வேலைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுரை வாசிக்கப்போகும் நம் மாணவர்களுக்கு ஒத்திகை. அங்கே நாம் கைதட்ட மட்டும் உட்காரக் கூடாது. அமர்வுத் தலைவர் கேட்கக்கூடிய கடினமான கேள்விகளை நாமே முதலில் கேட்க வேண்டும். மாணவர் வாசித்த பிறகு, முன்னே எழுதிய யாரைப் படித்தாய் என்று கேட்பவரும், அவர்களைப் படிக்க நூலைத் தேடித் தருபவரும் நம்மில் இருக்க வேண்டும்.

இரண்டு, எந்த மாணவர் எந்த ஊருக்குப் போனாலும் நம்மில் இரண்டு பேர் கூடப் போய் அரங்கில் உட்கார வேண்டும். 2001இல் எனக்காக அந்த அரங்கில் யாரும் இல்லை. ஒருவர் இருந்திருந்தால் என் ஏழு ஆண்டுகள் வீணாகியிருக்காது. பேருந்துக் கட்டணத்துக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் ஒரு சிறு நிதி வேண்டும். என் பங்கை இன்று மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

மூன்று, அவர்கள் கட்டுரைகளைச் சேர்த்து வைக்க வேண்டும். கருத்தரங்க ஆய்வுக்கோவைகள் பெரும்பாலும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. பண்டிதரின் எழுத்து நம் கைக்கு வர 85 ஆண்டுகள் ஆனது. இந்தப் பிள்ளைகளின் எழுத்துக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது. ஆண்டுக்கு ஒரு தொகுப்பு, இந்த உரையை அச்சிடும் அதே அச்சகத்தில், அதே மலிவு விலையில் வரட்டும்.

அந்த மாணவி ஜூன் மாதம் எம்.ஏ. சேர்கிறாள். இப்போது தெருவில் ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாள். முடிவு எப்படி வரும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு இதே மே மாதம், இந்த இடத்தில், அவள் அதை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

ஜெய்பீம்.